கூடைக்குள் வைக்காத கோழி

எழுதுவதெல்லாம் படித்தவர்கள் செய்கிற வேலை. நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் எதிரில் இருந்தால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்து எந்த லட்சணத்தில் வரும் என்று எனக்கே தெரியவில்லை. அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய விஷயமும் இல்லை, ஒரு கோழியைப் பற்றியதுதான். இதை நான் சொல்லியிருக்க வேண்டியது என் அத்தையிடம். சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை. அதனால் முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீடு இண்டூருக்குப் பக்கத்தில், ஊரை விட்டுத் தள்ளி, காட்டுக்குள், அதாவது விளைநிலத்துக்கு நடுவில், இருந்தது. நிலத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்ட அந்த மாதிரி வீட்டை எங்கள் பக்கம் கொட்டாய் என்பார்கள். அக்கம்பக்கத்தில் விளையாடப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். எனக்குக் கோழிகள் இருந்தன. ஏழு பெட்டை, ஒரு சேவல். அம்மா அடை வைத்துப் பொரித்த ஒரு ஈட்டுக் குஞ்சுகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். பருந்துக்கும் கீரிக்கும் போக மிஞ்சியவை அந்த எட்டும்.

காலையில் கூண்டைத் திறப்பது, கம்பு இறைப்பது, மண்சட்டியில் தண்ணீர் வைப்பது, சாயந்திரம் எண்ணிப்பார்த்து அடைப்பது எல்லாம் நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வண்டித்தடத்தில் வரும்போதே எட்டும் றெக்கையை விரித்துக்கொண்டு எதிரே ஓடி வரும். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நிற்காத நான், இவற்றிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவேன். அம்மா பார்த்துவிட்டு, "மனுசங்ககிட்ட பேசறதுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுடி" என்பாள்.

எட்டில் ஒன்று கொண்டச்சி. செம்பழுப்பு நிறம். தலையில் பூ வைத்த மாதிரி ஒரு கொத்து இறகு. அதனால் அந்தப் பெயர். நான் உட்கார்ந்தால் மடியில் ஏறி உட்கார்ந்துவிடும். கண்ணை மூடித் தூங்கவும் செய்யும். கோழி மடியில் தூங்கும்போது அதன் சூடு பாவாடை வழியாகத் தொடையில் இறங்கும். அதைப் போல ஒரு நிம்மதி எனக்குப் பிறகு அதிகம் கிடைத்ததில்லை. இவ்வளவு சொல்கிறேனே, கோழிக்கறி தின்ன மாட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகத் தின்பேன். தெரிந்த கோழியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் ஆறாவது முழுப்பரீட்சை எழுதிய சித்திரையில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. கோடையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் சீக்குதான். கோழி தலையைத் தொங்கப்போட்டு ஒரு மூலையில் நிற்கும். வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும். மூன்றாம் நாள் கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்துவிடும். ஒரு வீட்டில் விழுந்தால் ஊர் முழுக்க விழும்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சீக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும், இன்னும் நிமிர்ந்து நிற்கிற கோழிகளையெல்லாம் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். வருடத்தில் தீபாவளிக்கும் ஊர்ப் பண்டிகைக்கும் மட்டும் கறி தின்கிறவர்கள் அந்த ஒரு வாரம் மூன்று வேளையும் தின்பார்கள். தெருவெல்லாம் மசாலா அரைக்கும் சத்தம். ராகிக் களி கிண்டும் வாசனை. வெளியூரிலிருந்து யாராவது வந்தால் ஏதோ திருவிழா என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் கொட்டாய் தள்ளி இருந்ததால் தப்பிக்கும் என்று நான் நம்பினேன். முதலில் சேவல் போனது. அடுத்த நாள் இரண்டு பெட்டை. அன்று சாயந்திரம் அப்பா கூண்டுப் பக்கம் வந்து குனிந்து பார்த்தார்.

"நாளைக்குக் காத்தால மிச்சத்த முடிச்சுடலாம்" என்றார். "செத்து மண்ணுக்குப் போறதுக்கு நம்ம வயித்துக்குப் போவட்டும்."

அப்பாவிடம் எதிர்த்துப் பேசும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

மறுநாள் காலை நான் அத்தை வீட்டுக்குப் போவதாக ஏற்கனவே பேச்சு. அப்பாவின் தங்கை அவர். கம்பைநல்லூருக்கு வெளியே இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில், மகளோடு இருந்தார். மாமா கட்டட வேலைக்கென்று பெங்களூர் போனவர், திரும்பி வரவில்லை. அந்தச் சமயத்தில் அப்பா கோபத்தில், "புருசன வெச்சுக் குடும்பம் பண்ணத் தெரியாதவ" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அத்தை எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை. வருவார், போவார், பிள்ளைகளைக் கொஞ்சுவார். ஆனால் சொம்புத் தண்ணீருக்கு மேல் எதுவும் தொட மாட்டார். பொங்கலுக்கு அப்பா அனுப்பும் புடவையும் திரும்பி வந்துவிடும். வைகாசியில் அத்தை மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். வீட்டு வேலைக்குக் கூடமாட ஒத்தாசையாக இருக்கட்டும் என்று லீவில் என்னைக் கேட்டிருந்தார். பிள்ளையை மட்டும் அவர் மறுப்பதில்லை.

கோழிகள் விழிக்கும் முன் எழுந்தேன். கொண்டச்சியை எடுத்துத் துணிப்பையில் விட்டு, மேலே என் பாவாடையைப் போட்டு மூடினேன். மற்ற நான்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பை ஒன்றுதான் இருந்தது.

என்னைக் கொண்டுபோய் விடுகிற பொறுப்பு அண்ணனுக்கு. என்னைவிட ஏழு வயது மூத்தவன். வாரம் ஒரு படம் பார்க்காவிட்டால் உடம்பு நோவும் ஆள். தருமபுரியில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் பை கொக்கரித்தது.

"என்னாடி அது?" என்றான்.

நான் பையை மடியோடு அணைத்துக்கொண்டேன். பாவாடையை விலக்கிப் பார்த்தான். கொண்டை வெளியே வந்தது.

"அடிப்பாவி. வூட்ல தெரியுமா?"

"சொல்லிடாதண்ணா."

"நான் ஏன் சொல்றேன்? நான் ஒண்ணும் பாக்கல. உங்கூட வந்ததே எனக்கு ஞாபகம் இல்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கண்டக்டர் வந்தார். "யாருது கோழி? பஸ்ல கோழி ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?"

அண்ணன் திரும்பவே இல்லை. எனக்கு அழுகை முட்டியது.

"எங்க கொண்டுபோற பாப்பா?"

"அத்த வூட்டுக்குங்க."

"ஓ, சீர்க் கோழியா? அப்பச் சரி. சீருக்கு டிக்கெட் கெடையாது" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஒரு கிழவர், "பொறந்த வூட்டு சீரு ஒத்தக் கோழியோட முடிஞ்சு போச்சாட்டம் இருக்குது" என்றார். மறுபடியும் சிரித்தார்கள். நான் தலை குனிந்தபோதுதான் பையின் அடியைப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு கறை. முந்தின நாள் மோர்ச்சோறு வைத்தேனே, அதனால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்கிறேன் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, தெரிந்துதான் இருந்தது.

அண்ணன் என்னைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கி, அத்தை வீட்டுத் தடத்தைக் கையால் காட்டிவிட்டு, அதே பஸ் திரும்பும்போது தருமபுரிக்கு மேட்னிக்குப் போய்விட்டான். அவன் கூட வந்திருந்தால் சீக்கு விஷயத்தை அவனாவது உளறியிருப்பான் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அடுத்தவர் மேல் போட ஏதாவது கிடைக்குமா என்று மனசு தேடிக்கொண்டேதான் இருக்கிறது.

அத்தை வீட்டு வாசலில் எனக்குத் திகைப்பாகிவிட்டது. அவ்வளவு கோழிகளை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. முப்பதுக்கு மேல் இருக்கும். புங்கமரத்தடியில், எருக்குழியில், முள்வேலி ஓரத்தில், எங்கும் கோழி. ஐப்பசியிலிருந்து ஒரு முட்டை விற்காமல், ஒரு குஞ்சு யாருக்கும் கொடுக்காமல், அடைமேல் அடை வைத்துப் பெருக்கியவை. எதற்கென்று அத்தை மகள் சொன்னாள்.

"கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாளு மாப்ள வூட்டு சனம் கறி விருந்துக்கு இங்க வருதில்ல? அதுக்குத்தான். வெளிய ஒரு துண்டு கறி வாங்கக் கூடாதாம், யார்கிட்டயும் ஒரு ஆட்டுக்குட்டி கேக்கக் கூடாதாம். எல்லாம் எங்கம்மா வாசல்ல மேஞ்சதா இருக்கணுமாம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னயக் கூட இப்புடி வளத்தல. நான் போறேன்னு அழுவாது, இதுங்க போறதுக்குத்தான் அழுவும், பாரு" என்றாள்.

அத்தை என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தலையைப் பார்த்தார். "அட, யாரு இது கொண்ட போட்டுக்கிட்டு வந்திருக்கறது?" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்தி, "உங்கப்பா குடுத்தனுப்புனாரா?" என்றார்.

"இல்லீங்கத்த. இது என்னுது. என்னய உட்டு இருக்காது."

"அப்பச் சரி. வா தங்கம், உள்ள வா."

உள்ளே போய்ச் சோற்றுக்கூடை மாதிரி பெரிய மூங்கில் கூடை ஒன்றை எடுத்து வந்தார். வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் எட்டு நாள் அந்தக் கூடைக்குள் தனியாகக் கவிழ்த்து வைத்து, ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு விடுவார். அது அவருடைய முறை. தண்ணீர்ச் சட்டி கூடத் தனி. அதனால்தான் அக்கம்பக்கத்தில் சீக்கு வந்த வருடங்களிலும் அவர் கோழிகள் தப்பித்திருந்தன.

கூடையைக் கவிழ்த்ததும் கொண்டச்சி உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. கூடை ஓட்டையில் தலையை விட்டுக் கத்தியது. வீட்டில் ஒருநாளும் அது பகலில், அதுவும் தனியாக, அப்படி அடைபட்டதில்லை. நான் கூடையைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தேன். என்னிடம் அழுகை சுலபமாக வரும். பேச்சுதான் வராது. மத்தியானச் சோறு வேண்டாம் என்றேன். அத்தை மகள் கிண்டல் செய்தும் நிறுத்தவில்லை.

அத்தை என் எதிரில் வந்து குந்தினார்.

"ஏங்கண்ணு, எட்டு நாளு தான? ஓடிப்போயிரும்."

"செத்துப்போயிருங்கத்த. அதுக்குத் தனியா இருக்கத் தெரியாது."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். தனியாக இருப்பது என்ற பேச்சு அவரை ஏதோ செய்திருக்க வேண்டும். இது இப்போது தோன்றுவது.

"உங்கூர்ல சீக்கு கீக்கு ஒண்ணும் இல்லையே? நெசமாச் சொல்லு."

"இல்லீங்கத்த."

"உங்க கூண்டுல?"

"எல்லாம் நல்லாருக்குதுங்க."

இரண்டு பதில். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. வாத்தியார் கேட்டால் வாய் திறக்காதவள் அன்று தடுமாறாமல் பேசினேன். அத்தை எழுந்து, "புள்ள சொன்னாச் சரி" என்று கூடையைத் தூக்கினார். கொண்டச்சி ஓடிப்போய் மற்றவற்றோடு சேர்ந்து, ஒரே சட்டியில் தண்ணீர் குடித்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு தின்றேன். அன்று பருப்புக் கடைந்திருந்தார்கள் என்பது வரைக்கும் நினைவிருக்கிறது.

ஐந்தாம் நாள் கொண்டச்சி மந்தமாக நின்றது. அதே நாள் அத்தையின் இன்னும் முட்டையிடாத கருப்பு வெடைக்கோழி ஒன்று புங்கமரத்தடியிலேயே படுத்துவிட்டது. சாயந்திரம் அதைத் தூக்கிப் பார்த்த அத்தையின் கை நின்றுபோனது. வாலடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் சரியாக உட்காரவில்லை. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி எல்லாவற்றையும் அத்தை அம்மியில் அரைத்து உருட்டி, ஒவ்வொரு கோழியாகப் பிடித்து வாயைத் திறந்து போட்டார். நானும் அத்தை மகளும் பிடித்துக் கொடுத்தோம். அத்தை எப்போதும் முதல் உருண்டையைக் கொண்டச்சிக்குப் போடுவார். "அடுத்தவங்க கோழி. புள்ள நம்மள நம்பிக் கொண்டாந்திருக்குது" என்பார். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். நான் கோழியின் காலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்துக் காட்டு அம்மாள் வந்து, "நிக்கறத அறுத்துடுக்கா. தின்னாவது தீத்துடலாம்" என்றாள்.

அத்தை திரும்பினார். "நீதான போன வாரம் மோரு வாங்க வந்தப்ப, எத்தன கோழி, பந்தியே போடலாம்னு சொன்ன? போட்டாச்சு பந்தி. சந்தோசமா?"

"ஐயோ, நான் என்னக்கா பண்ணேன்? நல்ல மனசோடதான சொன்னேன்."

"உன் கண்ணுல கொள்ளிய வெக்க. எம்படியேறாத."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன், பத்தடி தூரத்தில். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது என்று எழுதினால் எனக்கே ஆறுதலாக இருக்கும். வரவில்லை. என் பக்கம் யாரும் பார்க்கவில்லையே என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

அத்தை ஒரு கோழியையும் அறுக்கவில்லை. விருந்துக்கு வைத்ததை முன்னாலேயே வாயில் போடக் கூடாது என்றார். ஒன்றிரண்டாவது பிழைக்கும் என்று நம்பினார். தினமும் காலையில் நாலு, ஐந்து என்று கூடையில் அள்ளிக்கொண்டுபோய் எருக்குழிக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார். கூடை அந்தக் கூடைதான்.

ஒன்பதாம் நாள் அண்ணன் என்னைக் கூட்டிப்போக வந்தான். கோழியையும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அத்தையே, "அது இந்த ஒடம்போட பஸ்ல தாங்காது. நீ போ கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றார். அப்பாடா என்றிருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன்.

எங்கள் வீட்டில் கூண்டு காலியாகக் கிடந்தது. நான்கையும் முடித்திருந்தார்கள். ஒன்று குறைந்ததை நரி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று அப்பாவே முடிவு கட்டியிருந்தார். அண்ணன் சொன்னபடி எதையும் பார்க்காதவனாகவே இருந்தான்.

இருபது நாள் இருக்கும். ஒரு சாயந்திரம் வண்டித்தடத்தில் அத்தை வருவது தெரிந்தது. தலையில் அந்த மூங்கில் கூடை. அதன் வாயைப் பழைய புடவையால் கட்டியிருந்தார். வாசலில் இறக்கி அவிழ்த்தார். உள்ளே கொண்டச்சி.

கழுத்து மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மற்றபடி தேறியிருந்தது. என்னைப் பார்த்ததும் கோணிய தலையோடு நடந்துவந்து காலடியில் நின்றது.

"அத்தனயும் போச்சு கண்ணு. உன்னுது ஒண்ணத்தான் காப்பாத்த முடிஞ்சுது" என்றார். "எங்க வாசல்ல இன்னும் சீக்கு இருக்குது. மறுபடியும் ஒட்டிக்கப் போவுதுன்னுதான் கொண்டாந்துட்டேன்."

அப்பா கயிற்றுக்கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். "இது நம்ம கொண்டக் கோழி இல்ல? நரி கொண்டுபோச்சுன்னு இல்ல நெனச்சேன்?" கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏம்மா, நம்மூர்லதான் சித்திர மொத வாரமே கழிச்சல் வந்துடுச்சே. இவ அங்க வர்றதுக்கு முந்தின நாளே எங்க கூண்டுல மூணு போச்சு. அப்ப இதுதான் அங்க..." அப்பா என் பக்கம் திரும்பினார்.

அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கூடையின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டியதை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார்.

"இல்லண்ணா" என்றார். "அதுக்கு முன்னாடியே நான் சந்தையில ஒரு வெடக்கோழி வாங்கியாந்தேன். பேராசதான். கூடையில வெக்காம வுட்டுட்டேன். அதுலேர்ந்துதான் வந்துது. கருமம், என் கையாலயே பண்ணிக்கிட்டேன்."

"நீயா? கூடையில வெக்காம வுட்டியா?"

"கல்யாண வேல. புத்தி எங்கயோ இருந்துது."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டு கட்டிலுக்குப் போய்விட்டார். அத்தை பின்னாலேயே போய், கட்டில் காலருகில் தரையில் உட்கார்ந்தார். "அண்ணா, விருந்த இங்கயே வெச்சுடுங்க. என்னால ஆவல" என்றார்.

"இதுக்கென்ன, இதுவும் உன் வூடுதான?" என்று அப்பா உடனே சொன்னார். குரலில் இருந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. அன்று ராத்திரி அத்தை எங்கள் வீட்டில் களி தின்றார். அம்மா பரிமாறும்போது அழுதாள். அண்ணன் தங்கை சேர்ந்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் நிறைவாக இருந்தது.

வைகாசியில் விருந்து எங்கள் கொட்டாயில் நடந்தது. அப்பா இரண்டு கிடா வெட்டினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கை கழுவிக்கொண்டு வந்து, அப்பாவைக் கும்பிட்டு, "கறி நல்லாருந்துச்சுங்க, குறையே இல்லீங்க" என்று சொல்லி விடைபெற்றார்கள். அத்தை அப்போது எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

பந்தியில் பக்கத்துக் காட்டு அம்மாளும் உட்கார்ந்திருந்தாள். அவள் எப்படி வந்தாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. பல வருடம் கழித்து அத்தை மகள்தான் வேறு ஏதோ பேச்சில் சொன்னாள். எங்கள் வீட்டுக்குக் கோழியைக் கொண்டுவந்து விட்டுத் திரும்பிய அன்று, அத்தை தன் வீட்டுக்குள் கூட நுழையாமல் நேராக அந்த அம்மாள் வீட்டுக்குப் போனாராம். என்ன பேசினார் என்று தெரியாது. இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்களாம். சந்தைக் கோழி என்று ஒன்று இருந்ததா என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்கத் தேவை இல்லை. ஒன்பது நாளும் நான் அந்த வாசலில்தான் இருந்தேன். ஒவ்வொரு கோழியையும் கையில் பிடித்தவள் நான். எல்லாம் அத்தை அடை வைத்துப் பொரித்தவை, வாங்கிவந்த கோழி ஒன்றும் அங்கே இல்லை.

ஆனால் அத்தை கோழியோடு வந்த அன்று சாயந்திரம் எனக்குத் தோன்றியது வேறு. அத்தைக்குக் கவலையில் ஞாபகம் பிசகிவிட்டது, இல்லாத கோழியை இருந்ததாக நினைத்துக்கொள்கிறார், நல்லவேளை என்றுதான் நினைத்தேன். சந்தையிலிருந்து கோழி எதுவும் வரவில்லை என்பது அன்று எங்கள் வாசலில் நின்றவர்களில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். ஒருத்தி நான். இன்னொருத்தர் அத்தை என்பது பதினொரு வயதில் எனக்கு உறைக்கவில்லை. களி தின்று முடித்ததும் அவர் என்னைக் கூப்பிட்டு, "கழுத்து வளைஞ்சிருக்குதில்ல, தண்ணிச் சட்டிய நீயே கிட்டக்க வெச்சுக் காட்டு" என்றார். சரிங்கத்தை என்றேன். வேறு ஏதாவது சொல்வேன் என்று அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் அத்தை முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். வெயில் ஏறியதும் கொண்டச்சி வைக்கோல் போர் ஓரத்தில் முட்டையிட்டது. அம்மா அதை அவித்து உரித்துக் கொடுத்தாள். நான் உப்புத் தொட்டுத் தின்றேன்.